வீட்டுக் கணக்கும் சுயராஜ்யமும்

1867-ம் வருஷம் மே மாதத்தில் லண்டன் நகரில் தாதாபாய் நவ்ரோஜி ஒரு கட்டுரை வாசித்தார். இந்தியாவுக்கு இங்கிலாந்து பட்டிருக்கும் கடன் என்பது அதன் விஷயம். அன்று அவர் எழுப்பிய கேள்வியையே 1901-ல் பெரும் புஸ்தகமாக விரித்து வெளியிட்டார். இத்தேசத்திலிருந்து வருஷந்தோறும் இவ்வளவு சரக்குகள் கப்பலேறுகின்றனவே, பதிலுக்கு வந்து சேருவது அதனினும் மிகக் குறைவாயிருக்கிறதே, மிச்சம் எங்கே போயிற்று? கேள்வி இவ்வளவுதான். ஆனால் அதற்குத் திருப்தியான பதிலை அந்நிய ஸர்க்கார் கடைசிவரை கூறவில்லை. ரமேச சந்திர தத்தரும், நமது ஜி. சுப்பிரமணிய ஐயரும் அதே வழியில் சென்று, அதிகாரிகள் அச்சிட்ட அறிக்கைகளைக் கொண்டே அதிகாரிகளை மடக்கினார்கள். நமது தேசிய இயக்கத்தின் முதல் ஆயுதம் ஒரு கணக்குப் புஸ்தகம் என்று சொன்னால் மிகையாகாது.

எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்னும் இரு கேள்விகளையும் ஒவ்வொரு ரூபாயைக் குறித்தும் ஒருங்கே கேட்பதற்குத்தான் இரட்டைப் பதிவுக் கணக்கு என்று பெயர். தேசத்தின் கணக்கை நவ்ரோஜி கேட்டதுபோல, நம்மில் எத்தனை பேர் தம் வீட்டின் கணக்கைக் கேட்கிறோம்? டில்லியில் வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்படும் நாளில் அதன் பற்றாக்குறையைப் பற்றி அபிப்பிராயம் கூறாத பொதுஜன ஊழியர் இல்லை. அவரையே தனியே அழைத்து, ஐயா, தங்கள் வீட்டின் மொத்தக் கடன் எவ்வளவு, தாங்கள் பிறருக்குக் கைம்மாற்றாகக் கொடுத்து இன்னும் வராதது எவ்வளவு என்று கேட்டால், பேச்சு வேறு விஷயத்துக்குத் திரும்பிவிடும். அவரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. அவர் கையிலிருக்கும் கணக்கு நோட்டு அக்கேள்விக்கு விடை சொல்லும் சக்தி அற்றது என்பதைக் காட்டவே இதை எழுதப் புகுந்தோம்.

சாதாரணமாக நமது வீடுகளில் எழுதப்படுவது வரவு செலவு நோட்டு. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, அடியில் மிச்சம். ஒரு திருஷ்டாந்தம் பார்ப்போம். ஒரு குடும்பத் தலைவருக்கு மாதச் சம்பளம் ரூ. 40,000. குடும்பச் செலவு ரூ. 32,000. அம்மாதம் மகளின் கல்லூரிச் சம்பளமாக ரூ. 1,05,000 கட்ட வேண்டியிருந்தது. நகையை அடகு வைத்து ரூ. 1,00,000 வாங்கினார். நோட்டில் வரவு ரூ. 1,40,000 என்றும், செலவு ரூ. 1,37,000 என்றும், மிச்சம் ரூ. 3,000 என்றும் விழுந்தது. மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்தவருக்கு ஒரு குறையும் தோன்றாது. உண்மை யாது? சம்பாதித்தது ரூ. 40,000, செலவிட்டது ரூ. 1,37,000. ஆகவே அம்மாதம் அக்குடும்பம் ரூ. 97,000 கீழே இறங்கிற்று. அவ்வளவு பெரிய இறக்கத்தை ரூ. 3,000 மிச்சமாகக் காட்டியது எது? கடனையும் வரவு என்று ஒரே பக்கத்தில் எழுதிய பழக்கம்தான்.

இதற்கு நேர் எதிரான பிழையும் அதே நோட்டில் நிகழும். குடிபோகும் வீட்டுக்கு முன்பணமாக ரூ. 60,000 கொடுத்தால் அது செலவுப் பக்கத்தில் ஏறுகிறது. வீட்டைக் காலி செய்யும் நாளில் திரும்ப வரவேண்டிய பணம் அது. ஐந்து வருஷம் கழித்து வீட்டுக்காரர் வர்ணம் பூசியதற்கென்றும் குழாய் பழுது பார்த்ததற்கென்றும் கழித்துக் கொள்ளும்போது, கொடுத்த தொகையே நினைவில் இல்லாமல் குடியிருந்தவர் விழிப்பார். மைத்துனருக்குக் கொடுத்த கைம்மாற்றும் இப்படியே. செலவு என்று எழுதியதை யாரும் திரும்பக் கேட்பதில்லை. சீட்டுக் கட்டுகிறவர்களின் நிலைமை இன்னும் விசித்திரமானது. சீட்டை எடுக்கும் வரையில் கட்டிய தவணைகள் அவர்களுடைய சொத்து. எடுத்த மறுநாள் முதல் பாக்கித் தவணைகள் யாவும் கடன். ஏலத்தில் தள்ளிக் கொடுத்த தொகை, அந்தக் கடனுக்கு முன்கூட்டியே கொடுத்த வட்டி. வரவு செலவு நோட்டிலோ, கட்டியதெல்லாம் செலவு, எடுத்தது வரவு. சீட்டை எடுத்த மாதத்தில் தாம் பணக்காரராகி விட்டதாக எண்ணிச் செலவு செய்கிறவர்கள் இதனால்தான் உண்டாகிறார்கள்.

இரட்டைப் பதிவில் இந்த மயக்கத்துக்கு இடமில்லை. எத்தொகையும் இரண்டு இடங்களைத் தொட்டே ஆகவேண்டும். அந்த இடங்களும் ஐந்து வகைக்குள் அடங்கும்: சொத்து, கடன், முதல், வருமானம், செலவு. நகை வைத்து வாங்கிய பணம் கடன் என்னும் தலைப்பிலிருந்து புறப்பட்டுச் சொத்து என்னும் தலைப்பில் வந்து சேருகிறது. வருமானத்தை அது தொடவே இல்லை. வீட்டு முன்பணம் சொத்தின் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போகிறது. செலவை அது தொடுவதில்லை.

இம்முறையை வெனிஸ் நகரில் 1494-ல் அச்சான கணித நூலொன்றில் லூக்கா பாச்சோலி என்னும் துறவி விவரித்தார். கண்டுபிடித்தவர் அவரல்லர். ஜெனோவா நகரசபையின் 1340-ம் வருஷக் கணக்குகளில் முறை முழுமையாகவே காணப்படுகிறது. வியாபாரி ஒவ்வொரு புஸ்தகத்தையும் கடவுள் பெயரால் தொடங்க வேண்டும் என்று பாச்சோலி சொல்வதைப் படிக்கையில், பிள்ளையார் சுழியிட்டுப் பேரேடு திறக்கும் நமது வியாபாரிகள் நினைவுக்கு வருகிறார்கள். இம்முறை இந்தியாவிலிருந்தே இத்தாலிக்குச் சென்றது என்று 1986-ல் ஓர் இந்திய ஆசிரியர் வாதித்தார். மறுவருஷமே அதற்கு மறுப்பு வெளியாயிற்று. மறுப்பின் சாரம், பழைய ஏடு ஒன்றும் சாட்சியாகக் காட்டப்படவில்லை என்பது. வழக்கறிஞன் என்ற முறையில் நமக்கும் அந்த ஆட்சேபம் நியாயமாகவே தோன்றுகிறது. தேசாபிமானத்தைக் காரணமாகக் காட்டிச் சாட்சியில்லாத வழக்கை நடத்த முடியாது. சாட்சியுள்ள பெருமை நமக்கு வேறே உண்டு. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், கடல் கடந்த முகவர்களிடமிருந்து கணக்கு வரவழைத்து, பேரேடும் ஐந்தொகையும் கொண்டு செட்டிநாட்டில் இருந்தபடியே வியாபாரத்தை நடத்தினார்கள். ஐந்தொகை என்ற அழகிய தமிழ்ச் சொல் இன்றும் இருக்கிறது. அதை நாம்தான் ஆடிட்டர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டோம்.

இனி நாம் சிபாரிசு செய்ய வந்த கருவிக்கு வருவோம். 2003-ல் ஜான் வீக்லி என்பவர் லெட்ஜர் என்னும் கம்ப்யூட்டர் கருவியை எழுதினார். அதைப் பின்பற்றி 2007-ல் ஸைமன் மைக்கேல் ஹெச்லெட்ஜரையும், 2008-ல் மார்ட்டின் பிளே பீன்கவுண்டையும் தொடங்கினர். மூன்றும் இலவசம், மூன்றின் உள்ளமைப்பையும் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இவற்றின் விசேஷம் யாதெனில், கணக்கு இவற்றிடம் இல்லை. கணக்கு நாம் எழுதும் ஒரு வெறும் எழுத்துக் கோப்பில் இருக்கிறது. கடிதம் எழுதுவதுபோல் எந்த எழுதுகருவியிலும் அதை எழுதலாம். கருவி அதைப் படித்துக் கூட்டிக் காட்டுகிறது. அதில் ஓர் எழுத்தையும் தானாக மாற்றுவதில்லை. ஹெச்லெட்ஜரில் தலைப்புகளைத் தமிழிலேயே எழுதலாம். எது சொத்து, எது கடன் என்று தொடக்கத்தில் ஒருமுறை அறிவித்து விட்டால் போதும். மேற்சொன்ன நகைக்கடனையும், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் அதற்குக் கட்டிய முதல் தவணையையும் கீழ்க்கண்டவாறு எழுதுகிறோம்:

2025-05-10 நகைக்கடன் வாங்கியது
    சொத்து:பாங்கி      100000
    கடன்:நகை      -100000

2025-06-10 நகைக்கடன் தவணை
    செலவு:வட்டி      1000
    கடன்:நகை      4000
    சொத்து:பாங்கி      -5000

பணம் சென்று சேரும் இடத்துக்குக் கூட்டல், புறப்படும் இடத்துக்குக் கழித்தல். தலைப்புக்கும் தொகைக்கும் இடையே குறைந்தது இரண்டு இடைவெளி விட வேண்டும். பற்று எது, வரவு எது என்று பள்ளி மாணாக்கர் காலங்காலமாய்த் தலையைப் பிய்த்துக் கொள்ளும் சிக்கல் இங்கே இல்லை. ஒவ்வொரு பதிவிலும் எண்களைக் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும். வராவிட்டால் கருவி அந்த வரியைச் சுட்டிக் காட்டி நின்றுவிடும். இரண்டாவது பதிவைக் கவனியுங்கள். ரூ. 5,000 தவணையில் செலவு ஆயிரமே. நாலாயிரம் கடனைக் குறைத்தது. அடுத்த மாதம் வட்டி ரூ. 960 ஆகி, அதே தவணையில் ரூ. 4,040 கடனுக்குப் போகும். தவணை கட்டுகிறவர் தாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைக் கடன் கொடுத்தவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவன் சொல்லும் பாக்கி தம் பாக்கியோடு ஒவ்வாவிட்டால், எந்தத் தேதியில் பிசகிற்று என்று காட்டும் நிலையில் இருக்கிறார். கடன்காரனுக்குரிய தாழ்வில் பாதி, கணக்கு எதிராளியின் கையில் மட்டும் இருப்பதனால் வருவது. கோர்ட்டுகளில் நாம் கண்ட வழக்குகளில் இதற்கு எத்தனையோ உதாரணங்கள் சொல்லலாம்.

மாதக் கடைசியில் பாங்கி காட்டும் இருப்பையும் கோப்பில் ஒரு வரியாக எழுதி வைக்கலாம். நம் கணக்குப்படி வரும் இருப்பு அதற்கு மாறாயிருந்தால் கருவி மேலே செல்ல மறுக்கும். பொன்னைக் கிராம் கணக்கிலும், சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பும் பணத்தை அந்நாட்டு டாலரிலுமே எழுதி, விலையைத் தனியே குறித்துக் கொள்ளலாம்.

இதற்கெல்லாம் செல்போனிலேயே செயலிகள் இருக்கின்றனவே, எழுதும் சிரமமின்றித் தாமே கணக்கு வைக்கின்றனவே என்று நேயர்கள் கேட்கலாம். இருக்கின்றன. அமெரிக்காவில் மிண்ட் என்று ஒன்று 2007-ல் தொடங்கப்பட்டது. 2009-ல் இன்ட்யூட் என்னும் கம்பெனி அதை விலைக்கு வாங்கிற்று. லட்சக்கணக்கானவர்கள் தங்கள் பாங்கிக் கணக்குகளை அதனிடம் ஒப்படைத்து நிம்மதியாயிருந்தார்கள். 2024 மார்ச்சில் அது மூடப்பட்டது. அதே கம்பெனியின் வேறொரு சேவைக்குப் போகலாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதற்கு முன்பே, 2009-ல், மைக்ரோஸாப்ட் கம்பெனி தனது மணி என்னும் கணக்குக் கருவியின் விற்பனையை நிறுத்திற்று. இவற்றில் சட்ட விரோதம் ஒன்றுமில்லை. கடைக்காரன் கடையை மூட அவனுக்கு உரிமையுண்டு. ஆனால் நமது பெட்டியையும் அந்தக் கடைக்குள்ளேயே வைத்துவிட்டு வருவானேன்?

நமது தேசத்தில் இதைவிடக் கொடிய அனுபவமும் உண்டு. உடனடிக் கடன் தருவதாகச் சொல்லி வந்த செயலிகள், வாங்கினவரின் செல்போனிலிருந்த உறவினர், நண்பர் பெயர்களையெல்லாம் எடுத்துக்கொண்டு அவர்களுக்குச் செய்தி அனுப்பி மானபங்கம் செய்த கதைகளைப் பத்திரிகைகள் வெளியிட்டன. 2022 செப்டம்பரில் ரிஸர்வ் பாங்கி விதிகள் வகுத்து, கடன் செயலிகள் இத்தகைய விவரங்களில் கை வைக்கக் கூடாதென்று தடுத்தது. விதி நல்லதே. எனினும், இலவசமாகக் கணக்கெழுதித் தருவதாகச் சொல்பவன் நமது கணக்கைப் படிக்காமல் எழுதமாட்டான் என்பதை எந்த விதியும் மாற்றிவிடாது. வெறும் எழுத்துக் கோப்போ நமது கம்ப்யூட்டரில் இருக்கிறது. லெட்ஜர் நாளைக்கே மறைந்து போனாலும் கோப்பைக் கண்ணால் படிக்கலாம், காகிதத்தில் அச்சிடலாம், பேனாவால் கூட்டலாம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இது சோம்பேறிகளுக்கு ஏற்றதன்று. கட்டளைகளைத் தட்டச்சுச் செய்து கேட்கவேண்டிய கருவி. படமும் வர்ணமும் காட்டி மயக்காது. யூ.பி.ஐ. வந்தபின் காப்பிக்கும் கீரைக்கும் பாங்கியிலிருந்தே பணம் போகிறபடியால், நாளொன்றுக்குப் பத்துப் பதிவுகள் சேர்ந்துவிடும். பாங்கி தரும் பட்டியலை இறக்கிக் கொண்டு, இன்ன கடைப் பெயர் வந்தால் இன்ன தலைப்பு என்று விதி எழுதி, பதிவுகளாக மாற்றிக்கொள்ள வழியுண்டு. அந்த விதிகளை எழுதச் சில மாலைப் பொழுதுகள் செலவாகும். சில்லறையை எல்லாம் கைச்செலவு என்று வாரத்துக்கு ஒரு தொகையாக எழுதுவது நமது வழக்கம். கணக்கில் கஞ்சத்தனம் செய்து கணக்கையே கைவிடுவதைக் காட்டிலும் அது மேல். மற்றொன்று: பதிவு பூஜ்யத்துக்கு வந்துவிட்டது என்பதனால் அது மெய் என்று ஆகிவிடாது. சிகரெட்டுக்குக் கொடுத்ததைப் புஸ்தகம் என்று எழுதினாலும் கூட்டல் சரியாகவே இருக்கும். எண் பிசகைக் கருவி பிடிக்கும்; மனப் பிசகைப் பிடிக்காது.

பொதுஜன ஊழியர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. காந்தியடிகள் லண்டனில் மாணாக்கராயிருந்தபோது ஒவ்வொரு பார்த்திங் செலவையும் எழுதி, இரவில் இருப்பை ஒத்துப் பார்த்து உறங்கினார். 1894-ல் நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியபோது அந்தப் பழக்கமே உதவிற்று. அதன் கணக்குகள் பல வருஷங்களுக்குப் பின்னும் கேட்டவர்க்குக் காட்டக்கூடிய நிலையில் இருந்தன என்பதைத் தமது சுயசரிதையில் அவர் பெருமையோடு குறிப்பிடுகிறார். சொந்தக் கணக்கில் கை பழகாதவன் பொதுக் கணக்கில் தடுமாறுவான். வெள்ள நிவாரணத்துக்கென்று வசூலான பணமும் தொண்டரின் சொந்தப் பணமும் ஒரே பாங்கிக் கணக்கில், ஒரே செல்போன் எண்ணில் வந்து விழுவது இன்று சகஜமாகிவிட்டது. திருடும் எண்ணம் அவருக்கு இல்லாமலிருக்கலாம். ஆனால் மூன்று மாதம் கழித்து ஒருவர் எழுந்து கணக்குக் கேட்டால், எது ஊரார் பணம், எது தம் பணம் என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியாது. நல்ல மனிதர் ஒருவரின் பெயர் அந்தக் கூட்டத்திலேயே போய்விடும். இரட்டைப் பதிவில் பரிகாரம் எளிது. நிவாரணத்துக்கென்று வந்த ஒவ்வொரு தொகையும், பாங்கியில் சேர்ந்த அதே கணத்தில், கடன்:நிவாரண நிதி என்னும் தலைப்பில் அவர் பொறுப்பாக ஏறுகிறது. அரிசி வாங்கிக் கொடுத்தால் அப்பொறுப்பு குறைகிறது. பாங்கி எத்தனை தொகைகளைக் கலந்து வைத்திருந்தாலும், ஊராருக்கு அவர் தரவேண்டியது எவ்வளவு என்பது ஒரு கட்டளையில் தெரியும்.

சட்டத்தின் நிலைமையையும் கூறுவோம். ஒழுங்காக எழுதிவரும் கணக்குப் புஸ்தகத்தின் பதிவுகளைச் சாட்சியாகக் கொள்ளலாம், ஆனால் அவை மட்டுமே ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்தப் போதா என்பது 1872-ம் வருஷச் சாட்சியச் சட்டத்தின் 34-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அதுவே 28-வது பிரிவாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் எழுதிய கணக்கும் அதில் அடங்கும். ஹவாலா வழக்கில் 1998-ல் சுப்ரீம் கோர்ட்டு, உதிரித் தாள்கள் கணக்குப் புஸ்தகம் ஆகமாட்டா என்று தீர்ப்பளித்தது. எளிதில் கழற்றவும் செருகவும் கூடியதை நம்புவதெப்படி என்பதே அதன் உட்கருத்து. எழுத்துக் கோப்பையும் அப்படித் திருத்தலாமே என்று ஆட்சேபிக்கலாம், உண்மைதான். 2005-ல் தோன்றிய கிட் என்னும் கருவி ஒவ்வொரு மாறுதலையும் தேதியோடு, யார் செய்ததென்பதோடு, ஒன்றோடொன்று பிணைத்துப் பதிவு செய்கிறது. சங்கத்தின் கணக்கை அவ்வாறு வைத்து, காரியதரிசி, பொக்கிஷதார், தணிக்கையாளர் ஆகிய மூவரிடமும் வாரந்தோறும் ஒவ்வொரு பிரதி இருக்கும்படி செய்தால், பின்னால் ஒருவர் பழைய வரியில் கை வைப்பது மற்ற இருவர் பிரதிகளில் வெளிப்பட்டுவிடும்.

கிளர்ச்சிகளில் கைதாகும் தொண்டர்கள் வீட்டில் மற்றொரு கஷ்டம் நேருகிறது. யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடம் வரவேண்டும், எந்தத் தேதியில் எந்தத் தவணை என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கின்றன. தலையோ சிறைக்குள் இருக்கிறது. மரணத்தில் நேருவது இன்னும் மோசம். பத்து வருஷம் யாரும் தீண்டாத பாங்கி டெபாஸிட்டுகள் 2014-ல் ஏற்பட்ட ஒரு நிதிக்கு மாற்றப்படுகின்றன. அந்நிதியில் பல்லாயிரம் கோடி ரூபாய் சேர்ந்து கிடக்கிறது. வாரிசுகள் தேடிப் பார்ப்பதற்காக ரிஸர்வ் பாங்கி 2023-ல் உத்கம் என்று ஒரு வசதியையே ஏற்படுத்த வேண்டியதாயிற்று. அத்தனையும் யாரோ சம்பாதித்து, எழுதி வைக்காமல் போன பணம்.

தொடங்குகிறவர்கள் பழைய மாதங்களைத் தோண்டிக்கொண்டு உட்கார வேண்டாம். பாச்சோலியும் முதலில் கேட்பது கையிருப்புப் பட்டியலைத்தான். ஏதாவதொரு மாதத்தின் முதல் தேதியில் ரொக்கம், பாங்கி இருப்பு, வீட்டு முன்பணம், சீட்டில் கட்டியது, கைம்மாற்றுக் கொடுத்தது, நகைக்கடன், கடைப் பாக்கி, செல்போனுக்கு மாதத் தவணை என்று நினைவுக்கு வரும் ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதி, வித்தியாசத்தை முதல்:தொடக்கம் என்ற தலைப்பில் தள்ளிவிட்டால் கோப்பு பிறந்துவிடும். ஒரு மணி நேர வேலை. வீட்டின் உண்மையான பொக்கிஷதார் மனைவியாகையால் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது உத்தமம். கணவருக்குத் தெரியாத கடன்களும், கணவருக்குத் தெரியாத சேமிப்புகளும் அப்பொழுதுதான் வெளிவரும். சொத்திலிருந்து கடனைக் கழித்த எண் பலருக்குப் பூஜ்யத்துக்குக் கீழே நிற்கக் கூடும். அப்படியே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த மாத முதல் தேதியில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அந்த எண் வேண்டும்.